பறிபோன வேலைகள்

அம்மாவின் வயதைக் கணக்குப் போட ஒரு சமஸ்தானம் தேவைப்பட்டது. ஆதார் அட்டைப்படி அவள் பிறந்தது ஜனவரி 1. ஊரில் அவள் வயதுக்காரிகள் பாதிப்பேர் அதே தேதியில்தான் பிறந்திருக்கிறார்கள். அவளைக் கேட்டால், "ராசா ஆட்சி போச்சுல்ல, அந்த வருசம்தான் என்னையக் குச்சுக்குள்ள உட்கார வச்சாக" என்பாள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச் 3. வயதுக்கு வந்தபோது பதின்மூன்று என்று வைத்தால் பிறப்பு 1935. 2024 தை மாதம் அவள் போனபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்த பையன் 'வயது 90' என்று போட்டுவிட்டான். ஒன்றிரண்டு கூடினால் என்ன என்று யாரும் திருத்தவில்லை.

ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற பக்கத்தில், செம்மண் பூமியில் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் கடலை, முந்திரி, பலா. அம்மா அங்கே வாக்கப்பட்டு வந்து ஆறு பெற்றாள், நாலு தங்கியது. நான் கடைசி. ஊருக்கு அவள் 'அத்தாச்சி'. முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவர்கள் பத்து வீட்டுக்குள் அடங்குவார்கள், ஆனால் மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். சொந்த வீட்டு வேலை போக அவளுக்கு ஊர் வேலை என்று ஒன்று எப்போதும் இருந்தது. யாரும் கொடுத்ததில்லை, சம்பளமும் கிடையாது. இப்போது யோசித்தால், அந்த வேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் உயிரோடு இருக்கும்போதே அவளை விட்டுப் போய்விட்டன. ஒன்றை ஆஸ்பத்திரி வாங்கிக்கொண்டது, ஒன்றைச் சத்துணவுக் கூடம், ஒன்றை பேங்க். அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. "நல்லதாப் போச்சு, எனக்கும் முட்டிவலி" என்பாள்.

அவளுடைய முதல் ஊர் வேலை பிரசவம். அம்மா மருத்துவச்சி இல்லை. மருத்துவச்சிக் கிழவி தனியாக இருந்தாள். வலி கண்டவளின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து தோளைத் தாங்கிப் பிடிப்பதும், அரிக்கேன் விளக்கைத் தூக்கிக் காட்டுவதும், கடைசியில் "இது வீட்ல ஆகாது, வண்டியப் பூட்டு" என்று சொல்வதும்தான் அம்மாவின் பங்கு. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல மருத்துவச்சிக்கு கௌரவம் இடம் கொடுக்காது, மாமியாருக்குச் செலவு பயம், புருஷனுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாதான் சொல்ல வேண்டும். டயர் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்து, அச்சுக்குக் கீழே விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு ஆலங்குடிக்குக் கிளம்புவார்கள். அங்கேயும் முடியாது என்றால் புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரி. எல்லா வண்டியும் போய்ச் சேரவில்லை. ஒரு தடவை பாதி வழியில் பிள்ளையைப் பெற்றுவிட்டு ஒருத்தி இறந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அதே வண்டியில் திரும்பி வந்தாள். அப்போது என் பெரிய அண்ணன் கைக்குழந்தை. இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். அந்தப் பிள்ளை பின்னால் லாரி ஓட்டினார். அம்மாவின் பாடையைத் தூக்கிய நான்கு தோள்களில் ஒன்று அவருடையது.

2008-இல் 108 வண்டி வந்தது. செல்போனில் கூப்பிட்டால் வாசலுக்கே வரும் என்பதை அம்மா முதலில் நம்பவில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் 18,000 ரூபாய் உதவிக்குப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் பிரசவத்தில் செத்தவளின் முகம் ஞாபகமில்லை. இதைவிடப் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன். பேத்திகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்று கேட்பது, ஆணா பெண்ணா என்பதில்லை. "கத்தி வச்சாகளா?"

பிடி அரிசி அவளுடைய இரண்டாவது வேலை. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவது பழைய வழக்கம். வெள்ளிக்கிழமை மாலை ஓலைப்பெட்டியோடு அம்மா வீடு வீடாகப் போய் அதை வாங்குவாள். பிள்ளை பெற்ற வீடு, புருஷன் விழுந்து கிடக்கிற வீடு, மழை பொய்த்த வருஷத்தில் கூலி இல்லாத வீடு என்று அது போகும். எந்த வீட்டு அடுப்பில் புகை வரவில்லை என்பதை அவள் கண்ணாலேயே கணக்கெடுப்பாள். கொடுக்கிறபோது வாங்குகிறவர்கள் பெயரைச் சொல்லமாட்டாள். ஆனால் கொடுக்காத வீட்டுக்காரர்களின் பெயரை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். அம்மா அவ்வளவு சாது இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதம் ஒரு தடவை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நிறுத்து, அட்டையில் கோடு போடுவார்கள். கோடு இறங்கினால் அந்தப் பிள்ளைக்குச் சத்துருண்டை. விட்டத்தில் தராசைக் கட்டி, அதில் துணித்தூளியைத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே உட்கார வைக்க வேண்டும். பிள்ளையை நிறுத்தால் கண் பட்டுவிடும் என்று தாய்மார்கள் வரமாட்டார்கள். அக்காள் மகனைத்தான் அம்மா முதலில் தூக்கித் தூளியில் வைத்தாள். நிறுத்து முடித்த ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்திலும் விரலால் மைப்பொட்டு ஒன்று வைத்து அனுப்பினாள். திட்டத்தில் மை வாங்கக் காசு ஒதுக்கவில்லை. அது எங்கள் வீட்டு விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும்.

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அப்போது எனக்குப் பத்து வயது. சமைக்க வந்தவர்களில் ஒருத்தி காலனிக்காரி என்று தெரிந்ததும் மணியடிக்கிற நேரத்துக்குச் சில அம்மாக்கள் வாசலில் வந்து நின்று பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். எங்கள் அம்மா என் கையில் தட்டைக் கொடுத்து அனுப்பினாள். அத்தாச்சி மகளே தின்கிறாள் என்று அடுத்த வாரத்திலிருந்து மற்ற பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அதே வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணை இறவாணத்தில், காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு அலுமினியத் தம்ளர் தனியாகச் செருகியிருந்தது. அம்மாவுக்கு இரண்டும் முரணாகப் படவில்லை. பசி ஒரு கணக்கு, தம்ளர் ஒரு கணக்கு. அந்தத் தம்ளர் எப்போது இறவாணத்தை விட்டு இறங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது இல்லை, அவ்வளவுதான்.

இன்று பள்ளியில் காலையிலும் சாப்பாடு. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அதை விரித்தார்கள். பிடி அரிசிப் பானையைக் கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தம்ளர் கணக்குதான் தீர்ந்தபாடில்லை. எங்கள் மாவட்டத்திலேதான் 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது வெளியே வந்தது. விசாரிக்கப் போன கலெக்டர், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைத் தம்ளர் இருப்பதைக் கண்டார். டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. எங்கள் தம்ளரைப் பற்றி நானும் கேட்கவில்லை.

அம்மாவின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த காலம் 1991-உம் 92-உம். அறிவொளி இயக்கம் வந்தது. எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்ற பிறகு நாடு முழுக்கக் கிளம்பிய அலை அது. புதுக்கோட்டையில் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். அரசாங்க ஜீப்பும் வீதி நாடகக்காரர்களும் ஒரே மரத்தடியில் நின்றதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. பாடம் அ, ஆ என்று தொடங்காது. தெரிந்த சொல் ஒன்றை எடுத்து, அதை உடைத்து, எழுத்துக்குள் போகும். மாரியம்மன் கோயில் முன்னால் இரவு ஏழரைக்கு மேல் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவள் காலனியிலிருந்து பத்தாவது முடித்த பெண். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு இருக்கும், படிப்போர் பட்டியலின் வயது வரம்பைத் தாண்டிவிட்டாள். பேரை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "பேர எழுதாட்டிப் போ, பேர எழுதக் கத்துக் குடு" என்று முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மாவட்டம் சொன்ன எந்தக் கணக்கிலும் எங்கள் அம்மா இல்லை.

கையெழுத்துப் போடக் கற்றாள். பஸ் போர்டு படித்தாள். அதற்கு மேல் போகவில்லை. தாள் முழுக்கத் தன் பெயரையே எழுதுவாள். 'ள்' மட்டும் கோட்டை விட்டு இறங்கி ஓடும். ஆனால் வகுப்புக்கு வந்த பெண்கள் கலைந்து போகாமல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அடிபம்பு ரிப்பேர், ரேஷன் எடை, சாராயம். அடுத்து திங்கட்கிழமை மனு நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போக ஆரம்பித்தார்கள். மனுவைப் பாடம் சொல்லிக் கொடுத்த பெண் எழுதுவாள், நீட்டுவது அம்மா.

அப்புறம் சைக்கிள் வந்தது. வகுப்பு நடத்துகிறவர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ் கிடையாது. அதனால் பெண்கள் சைக்கிள் கற்பதை அறிவொளியின் ஒரு பகுதியாகவே ஆக்கினார்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. களத்துமேட்டில் சாயங்காலம் வாடகை சைக்கிள் இரண்டு வரும். கற்றுக்கொள்ள முயன்ற அம்மா வைக்கோல்போரில் போய் முட்டிக்கொண்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று இறங்கிவிட்டாள். ஆனால் களத்தை விட்டுப் போகவில்லை. கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்கேரியரைப் பிடித்தபடி ஒவ்வொருத்தி பின்னாலும் ஓடினாள். என்னையும் அப்படித்தான் ஓட்டவைத்தாள். அவள் கையை விட்டது தெரியாமல் நான் களத்தின் அந்தக் கோடி வரைக்கும் பேசிக்கொண்டே போனேன். டீக்கடைப் பெஞ்சிலிருந்து, "பொம்பளைக்கு எதுக்கு ரெண்டு சக்கரம்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "உன் வீட்டுக்குத் தண்ணி தூக்கிட்டு வரத்தான்" என்றாள். உண்மையும் அதுதான். நாலு குடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் மனைவியே பின்னால் வந்தார்.

1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பல பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பி எடுத்தார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! ஒன்றரை வருஷத்தில் மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரை வடநாட்டுப் பிள்ளைகள் அப்போது படித்த எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் ஏறியது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது தெரியாது. என் மகள் சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தபோது, "நான் ஓடுனதப் போட்டிருக்காகளா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது களத்துமேடு சிமெண்ட் தளமாகி, ஓரத்தில் ஸ்கூட்டிகள் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அண்ணன் மகள் கீரமங்கலத்துக்கு ஸ்கூட்டியில் போய்ப் பூ ஏலம் பார்த்துவிட்டு வருகிறாள். அவளுக்கு யாரும் பின்னால் ஓட வேண்டியிருக்கவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். பிடி அரிசி சேர்த்த அதே பெண்கள் தொண்ணூறுகளின் கடைசியில் மகளிர் குழு ஆனார்கள். சேமிப்பு, கணக்கு நோட்டு, பேங்கில் கையெழுத்து. அம்மா அங்கே பெருமையாக அந்த ஓடுகாலி 'ள்'-ஐப் போட்டாள். ஊர் வட்டிக்காரர் வாசலில் கூட்டம் குறைந்தது. பத்துப் பதினைந்து வருஷம்தான். பிறகு தனியார் நுண்கடன்காரர்கள் பைக்கில் வந்தார்கள். குழு என்ற வார்த்தையையும் பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்கும் பழக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு, வாரத் தவணையை மட்டும் புதிதாகச் சேர்த்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். பசித்த வீட்டைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்கள், தவணை தவறிய வீட்டைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டன. அம்மா மிகவும் வெறுத்தது இதைத்தான். 2025-இல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தபோது அவள் இல்லை.

அவளுடைய கடைசி ஊர் வேலை கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. தாத்தா வைத்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன, தென்னை ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. பல நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. அறுபது வருஷத்துக்கு முன் அம்மா வாக்கப்பட்டு வந்தபோது ஊருணித் தண்ணீர்தான் குடித்தார்கள். கலங்கலைத் தெளியவைக்கக் குடத்தின் உட்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைப்பார்கள். நாங்கள் கேன் தண்ணீருக்கு மாறி நாளாகியிருந்தது. எண்பத்து மூன்று வயதில், எங்கிருந்தோ ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்துவந்து பேத்திகளுக்கு இழைத்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் பொதுச் சமையல் நடந்தது. நிவாரண லாரிகள் மெயின் ரோட்டோடு திரும்பிப் போனதால், உள்ளே எந்தெந்தத் தெரு, எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கை என்று அவள் சொல்லச் சொல்லப் பையன்கள் நோட்டில் எழுதி, ரோட்டில் போய் லாரியை மறித்து உள்ளே கொண்டுவந்தார்கள். மறு வருஷம் கொத்தமங்கலம் பக்கம் இளைஞர்கள் கைக்காசு போட்டுக் குளம் தூர்வாரியதைக் கேள்விப்பட்டு, எங்கள் பையன்களும் வசூல் நோட்டோடு வந்தார்கள். அம்மா முதியோர் பென்ஷனிலிருந்து ஆயிரம் கொடுத்து, ரசீதில் கையெழுத்துப் போட்டாள்.

இழவு வீட்டு வேலையும் அவளுடையதாகத்தான் இருந்தது. குளிப்பாட்டுவது, அழுதவர்களுக்குக் கஞ்சி கொடுப்பது, அந்த வீட்டுப் பிள்ளைகளை எங்கள் வீட்டில் படுக்க வைப்பது. அவள் இறந்தபோது ஃப்ரீசர் பெட்டி ஒரு மணி நேரத்தில் வந்தது. பந்தல்காரர் நாற்காலி கொண்டுவந்தார். சாப்பாடு கேட்டரிங். மதுரையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் அழுதார்கள். எங்களுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. முந்தைய நாள் இரவெல்லாம் விழித்த அண்ணியால் எந்த அடுப்பையும் மூட்டியிருக்க முடியாது.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்கு ரேஷன் கடையிலிருந்து தொடங்க வேண்டும். 2020-இல் ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வைத்தார்கள். கடலை பறித்து, சாணி தட்டி, கரி தேய்த்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? கிழவிகள் ஒவ்வொருத்தியாகப் பெருவிரலை வைத்து, துடைத்து, மறுபடி வைத்து நின்றார்கள். அம்மா கொதித்துவிட்டாள். "கைநாட்டு வேணாம், கையெழுத்துப் போடுன்னு சொன்னதே நீங்கதான? இப்ப மறுபடி கட்டவெரலக் கேக்குறியே" என்று விற்பனையாளரிடம் சண்டை. அவர் நல்ல மனிதர். மெஷின் எடுக்காதவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டார். அன்றைக்கு அம்மா வீடு திரும்பிய நடையே வேறு.

அதோடு முடியவில்லை. 2023-இல் மகளிர் உரிமைத்தொகை வந்தபோது செல்போன் நம்பர், ஓ.டி.பி., வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு. கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்கள் எல்லாரும் மறுபடி எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆனார்கள். போனைத் தூக்கிக்கொண்டு அத்தாச்சி வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்குப் போனில் பச்சைப் பட்டனைத் தவிர வேறெதுவும் தெரியாது, அண்ணியைக் கூப்பிட்டாள். பிளஸ் டூ படித்த அண்ணி முனகிக்கொண்டே பார்த்துக் கொடுத்தார். அம்மாவின் கருமாதி முடிந்து நாங்கள் ஊருக்குக் கிளம்பிய காலையில் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்து நான் கும்பிட்டேன். ஒரு கிழவி என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆயிரம் ரூவா இன்னும் ஏறல. மருமவள வரச் சொல்லு" என்றாள். அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "போன முறை சொன்ன நம்பரை யாருகிட்டயும் சொல்லலைல்ல?" என்று அதட்டியபடி போனை வாங்கினார்.